ஒரு டி-ஷர்ட்டைப் பார்த்து ஏன் இவ்வளவு பதற்றம்?



2025 மார்ச் 20-ம் தேதி நம்ம எம்.பி.க்கள் வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். நெஞ்சில் ஒரு வாசகம். நியாயமான தொகுதி மறுவரையறை வேண்டும், தமிழ்நாடு போராடும், தமிழ்நாடு வெல்லும். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை இல்லை. யார் பெயரும் இல்லை. யாரையும் திட்டவில்லை.

மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அவர்கள் விதி 349-ஐப் படியுங்கள் என்றார். அவையின் கண்ணியம் போய்விட்டது, வெளியே போய் உடை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். அவை ஒத்திவைக்கப்பட்டது. மாநிலங்களவையிலும் அன்றைக்கு இதே பஞ்சாயத்துதான்.

அன்று மாலையே வாட்ஸ்அப் யூனிவர்சிட்டியில் வகுப்பு தொடங்கிவிட்டது. "இது என்ன பீச்சா? காலேஜ் டூரா? சபை மரியாதை தெரியாதவங்க" என்று ஒரே பாடம். தொகுதி மறுவரையறை பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் பனியனைப் பற்றித்தான்.

சரி, பனியனைப் பற்றியே பேசுவோம். எங்களுக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவைக்கு விதி உண்டு. அதை நடத்தும் அதிகாரம் அவைத் தலைவருக்கு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றா என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

2023 பிப்ரவரி 8 ஞாபகம் இருக்கிறதா? பிரதமர் மோடி ஒரு நீல நிற மேல்சட்டை போட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை மறுசுழற்சி செய்து நெய்த துணி. இந்தியன் ஆயில் நிறுவனம் பரிசாகக் கொடுத்தது. அந்தத் துணி தயாரானது நம்ம கரூரில்! நல்ல விஷயம்தான், நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் அன்றைக்கு டி.வி.யில் என்ன சொன்னார்கள்? "பிரதமர் தன் உடையால் சுற்றுச்சூழல் செய்தி சொன்னார்" என்று சொன்னார்கள். அப்போ உடையால் செய்தி சொல்லலாம். அவைக்குள்ளேயே சொல்லலாம். யாரும் ஒத்திவைக்க மாட்டார்கள்.

"அதில் எழுத்து இல்லையே" என்பீர்கள். உண்மை. எழுத்து இல்லைதான். பிரதமர் போட்டால் எழுத்தே இல்லாமல் செய்தி புரியும், பாராட்டும் கிடைக்கும். நாம் எழுதிப் போட்டால்கூட அதை யாரும் வாசிக்க மாட்டார்கள், துணியை மட்டும் பார்ப்பார்கள். வித்தியாசம் அங்கேதான்.

2015 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா வந்தபோது தன் பெயரையே கோடு கோடாக நெய்த கோட் போட்டாரே, அது ஞாபகம் இருக்கா? அடுத்த மாதமே சூரத்தில் அது 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதில் எழுத்து இருந்தது, ஸார். கோட்டு முழுக்க எழுத்துதான். தன் பெயரைத் தானே எழுதிப் போட்டால் ஃபேஷன், ஏழரைக் கோடி மக்களின் கோரிக்கையை எழுதிப் போட்டால் கண்ணியக் குறைவா?

இந்தக் "கண்ணியம்" என்ற வார்த்தையை நம்ம ஊர் புதுசாகக் கேட்கவில்லை.

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். பல வருடம் போராடி 1859-ல் அரச ஆணை வாங்கினார்கள். அப்போதும் ஒரு நிபந்தனை: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் அதே பாணியில் போடக் கூடாது. யோசித்துப் பாருங்கள். ஒரு முழம் துணி. அதை எந்தப் பக்கம் போடுவது என்பதை அடுத்தவன் முடிவு செய்தான். அதற்கு அவன் வைத்த பெயர் மரியாதை.

தந்தை பெரியார் கருப்புச் சட்டையைக் கையில் எடுத்தார். சமூகத்தில் நமக்குள்ள இழிவின் அடையாளம் என்று சொல்லித்தான் போடச் சொன்னார். 1946-ல் மதுரையில் கருஞ்சட்டைப் படை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். 1948-ல் கருஞ்சட்டைப் படையையே அரசு தடை செய்தது. அந்தச் சட்டையில் ஒரு எழுத்துகூட இல்லை தோழர்களே. வெறும் கலர். அதற்கே அந்தப் பயம்.

2014-க்கு வருவோம். சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஏன்? வேட்டி கிளப்பின் டிரஸ் கோடுக்கு ஒத்துவராதாம்! தமிழ்நாடே கொந்தளித்தது. உடை காரணமாகப் பொது இடங்களில் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டசபையில் சட்டம் வந்தது. கொண்டு வந்தது அன்றைய அ.தி.மு.க. அரசு. எதிர்க்கட்சி செய்தாலும் சரியானதைச் சரி என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை.

இப்போ கவனியுங்க. 2014-ல் வேட்டி கட்டினால் கண்ணியம் இல்லை, பேன்ட் போட்டு வா என்றார்கள். பத்து வருடம் கழித்து, அன்றைய துணை முதலமைச்சர் டி-ஷர்ட் போட்டால் கண்ணியம் இல்லை, வேட்டி கட்டி வா என்றார்கள். அரசு ஊழியர்களுக்கான 2019 அரசாணையைக் காட்டி நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். வழக்கைப் பற்றி நான் பேசவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது ஒன்றுதான். வேட்டியும் தப்பு, டி-ஷர்ட்டும் தப்பு என்றால், தப்பு துணியில் இருக்கிறதா, போட்டிருக்கிற ஆள் மீது இருக்கிறதா?

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? 1984-ல் லண்டனில் கேத்தரின் ஹாம்னெட் என்ற ஆடை வடிவமைப்பாளர், பிரதமர் மார்கரெட் தாட்சரின் விருந்துக்குப் போனார். 58 சதவீதம் பேருக்கு பெர்ஷிங் ஏவுகணை வேண்டாம் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த டி-ஷர்ட். பிரதமருக்கு நேருக்கு நேர். தாட்சர் ஒன்றும் சாதுவான ஆள் இல்லை. ஆனாலும் கை குலுக்கினார். அந்த போட்டோ இன்றைக்கும் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. இரும்புப் பெண்மணி தாங்கிய டி-ஷர்ட்டை 56 இஞ்ச் மார்பால் தாங்க முடியவில்லை!

இப்போ என் கதை ஒன்று, சுருக்கமாக.

நான் படித்தது இன்ஜினியரிங். காலேஜ் பேர் வேண்டாம், எல்லா காலேஜும் அப்படித்தான். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் நம்ம ஐ.டி. கார்டைப் பார்ப்பதற்கு முன்னாடி காலரைத்தான் பார்ப்பார். ரவுண்ட் நெக் போட்டால் உள்ளே விட மாட்டார். எழுத்து இருந்தால் எச்.ஓ.டி. ரூமுக்கு நேரா பார்சல். ஒருமுறை என் ஃப்ரெண்ட் ஒருத்தன் "தமிழ்" என்று ஒரே ஒரு சொல் அச்சடித்த டி-ஷர்ட்டில் வந்தான். "இது என்ன கட்சி ஆபீஸா?" என்று கேட்டு, திருப்பிப் போட்டுக்கொண்டு கிளாஸில் உட்காரச் சொன்னார்கள். லேபிள் கழுத்துக்கு முன்னாடி தொங்க, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான்.

அதே காலேஜில் சிம்போசியம் வந்தது. டிபார்ட்மென்ட்டே டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தது. முதுகு முழுக்க ஸ்பான்சர் லோகோ. கோச்சிங் சென்டர், பேக்கரி, செல்போன் கடை. அன்றைக்கு எல்லாரும் கட்டாயம் போட வேண்டும். போடாதவனுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது.

அன்றைக்குத்தான் எனக்கு அரசியல் புரிந்தது என்று சொல்லலாம். பேக்கரிக்கு நம்ம முதுகை வாடகை இல்லாமல் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பிராண்டின் பெயரை நெஞ்சில் சுமந்து இலவச விளம்பரம் செய்யலாம். நாம் போகாத அமெரிக்க யூனிவர்சிட்டியின் பெயரைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். சொந்தமாக ஒரு சொல், சொந்தமாக ஒரு வரி போட்டால் மட்டும் "டிசிப்ளின்" வந்துவிடும்.

டிவி சேனல் வைத்திருப்பவன் தன் கருத்தை ராத்திரி முழுக்கச் சொல்லலாம். பேப்பர் வைத்திருப்பவன் முதல் பக்கத்தில் சொல்லலாம். நம்ம பையனிடம் இருப்பது ஒரு டி-ஷர்ட். இருநூறு ரூபாய்க்குள் ஒரு மேடை. மைக் தேவையில்லை, போலீஸ் அனுமதி தேவையில்லை. பஸ்ஸில் நிற்கிறவன், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் எல்லாரும் வாசிக்கிறார்கள். அரசமைப்புச் சட்டம் பிரிவு 19(1)(அ) தரும் கருத்துரிமை வாயால் பேசுவதற்கு மட்டும் இல்லை. ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடை மூலம் வெளிப்படுத்துவதும் அதே பிரிவின் கீழ் வரும் என்று திருநர் உரிமை வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடையும் பேச்சுதான்.

இதன் பலத்தை 2020-ல் பார்த்தோம். ஆகஸ்ட் மாதம் சென்னை விமான நிலையத்தில் கனிமொழி அக்கா தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்னதற்கு, பாதுகாப்புப் படை அதிகாரி "நீங்கள் இந்தியரா" என்று கேட்டார். ஒரு எம்.பி.யைப் பார்த்து, சொந்த மாநிலத் தலைநகரில்! அடுத்த மாதமே யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் டி-ஷர்ட்டோடு வந்தார்கள். ஒன்றில் "தமிழ் பேசும் இந்தியன்" என்ற பொருளில் வாசகம். இன்னொன்றில் "இந்தி தெரியாது போடா". அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். கொரோனா காலம், கூட்டம் போட முடியாது, ஊர்வலம் போக முடியாது. ஆனாலும் ஒரு டி-ஷர்ட் ஊர் ஊராக ஊர்வலம் போனது.

"போடா என்பது மரியாதையா?" என்று அப்போதும் கேட்டார்கள். பதில் இதுதான்: "போடா" திணிப்புக்குச் சொன்னது. இந்தி பேசும் மனிதருக்குச் சொன்னது இல்லை. இதை நம்ம ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்து, நம்ம ஊர் ஹோட்டலில் தட்டு கழுவும் தம்பியிடம் அந்த வாசகத்தைக் காட்டிச் சிரித்தால், அது நம்ம அரசியல் கிடையாது. அது கோழைத்தனம். டி-ஷர்ட் மேலே பார்த்துப் பேச வேண்டும், கீழே பார்த்து இல்லை.

இன்னொரு விஷயம். "டி-ஷர்ட் நம்ம கலாசாரம் இல்லை" என்கிறார்களே, அவர்களைத் திருப்பூருக்கு ஒரு டிரிப் கூட்டிப் போக வேண்டும். இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஊரில் இருந்து போகிறது. நூல் வந்து, நிட்டிங் ஆகி, சாயம் ஏறி, கட்டிங் டேபிளுக்கு வந்து, ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கை மாறுகிறது தெரியுமா? பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்து தைக்கும் டெய்லர் அண்ணன், பிசிறு வெட்டும் அக்கா, பிரிண்டிங் டேபிளில் ஸ்குவீஜி இழுக்கும் தம்பி. உலகத்துக்கே சட்டை போட்டுவிட்ட ஊரின் பிள்ளைகளிடம் வந்து டி-ஷர்ட் அந்நியம் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் துணியில் உலகத்தின் வாசகம் எல்லாம் அச்சாகலாம், தமிழ்நாட்டின் வாசகம் மட்டும் அச்சாகக் கூடாதா?

இனிமேல்தான் முக்கியமான பகுதி. தயவுசெய்து ஸ்கிரோல் பண்ணிப் போகாதீர்கள்.

டி-ஷர்ட்டைப் பற்றியே பேச வைத்து, டி-ஷர்ட்டில் இருந்த விஷயத்தை மறக்க வைப்பதுதான் அவர்கள் திட்டம். நாமும் அதில் விழக் கூடாது. போடுகிற ஒவ்வொருவரும், "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று பஸ்ஸில் ஒரு பெரியவர் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். பதில் இதோ:

1) மக்களவையில் மொத்தம் 543 தொகுதி. தமிழ்நாட்டுக்கு 39. அதாவது 7.2 சதவீதம். இது 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட பங்கு.

2) குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனால் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976-ல் 42-வது திருத்தம் இந்தப் பங்கை நிறுத்திவைத்தது. பிறகு 84-வது திருத்தம் அதை நீட்டித்தது. 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்போடு அந்தப் பாதுகாப்பு முடிகிறது.

3) அதற்குப் பிறகு மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பிரித்தால், அரசு சொன்னதைக் கேட்டு நடந்த மாநிலங்களின் பங்கு குறையும். இது நமக்கு முன்பே நடந்தது. 1962-ல் இங்கே 41 எம்.பி. இருந்தார்கள். 1967-ல் இருந்து 39.

4) "ஒரு தொகுதிகூடக் குறையாது" என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 பிப்ரவரி 26-ல் கோவையில் சொன்னார். எங்கள் கேள்வி எண்ணிக்கையைப் பற்றி இல்லை, பங்கைப் பற்றி. புது நாடாளுமன்றத்தின் மக்களவை அரங்கில் 888 இருக்கை போட்டிருக்கிறார்கள். ஒரு உதாரணத்துக்கு மொத்தம் 888 ஆகிறது என்று வையுங்கள். நமக்கு அதே 39 இருந்தால் ஒன்றுகூடக் குறையவில்லைதான். ஆனால் பங்கு 7.2-ல் இருந்து 4.4 சதவீதமாக இறங்கிவிடும். இன்றைய பங்கு அப்படியே இருக்க வேண்டும் என்றால் 64 வேண்டும். மேலே உள்ள எண்ணை மட்டும் காட்டி, கீழே உள்ள எண்ணை மறைத்தால் அது கணக்கு இல்லை, கண்கட்டு.

5) "இரண்டு மூன்று சீட்டில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று யாராவது கேட்டால், 1999 ஏப்ரல் 17-ஐச் சொல்லுங்கள். வாஜ்பாய் அரசு விழுந்தது ஒரே ஒரு ஓட்டில்.

இதற்காகத்தான் 2025 மார்ச் 22-ல் அன்றைய முதலமைச்சர் தளபதி அழைப்பில் சென்னையில் கூட்டு நடவடிக்கைக் குழு கூடியது. கேரளா, தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்கள் வந்தார்கள். கர்நாடகத் துணை முதலமைச்சர் வந்தார். 1971 கணக்கின்படியான இன்றைய நிலையை இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பனியனில் இருந்த வாசகம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

கடைசியாக, ஐ.டி. விங் தம்பி தங்கைகளுக்கு நானே எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வது.

மொத்தமாக ஆர்டர் போட்டு, வண்டியில் ஏற்றி, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மேலே மாட்டிவிட்டு, கூட்டம் முடிந்ததும் அது வண்டி துடைக்கும் துணி ஆகிவிட்டால், அந்த டி-ஷர்ட் பேசவில்லை என்று அர்த்தம். தலைவர் முகம் போடுவதில் தப்பில்லை. ஆனால் முகத்தை மட்டும் போடாதீர்கள், அவர் சொன்ன கொள்கையில் ஒரு வரியும் போடுங்கள். உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் போடுங்கள். சொந்தமாக யோசித்து எழுதுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒற்றுப்பிழை பாருங்கள், தமிழுக்காகப் போராடும் டி-ஷர்ட்டில் தமிழ் தப்பாக இருந்தால் மீம் போடுவது அவர்கள் இல்லை, நானே போடுவேன். தனிநபர் தாக்குதல் வேண்டாம். பெண்களை இழிவு செய்யும் ஒரு சொல்கூட வேண்டாம். நீங்கள் அந்த டி-ஷர்ட்டை உங்கள் அம்மா முன்னால் போட்டு நிற்க முடிய வேண்டும். அதுதான் நம்ம விதி 349.

அவைக்குள் போட விடாவிட்டால் பரவாயில்லை. அங்கே 39 பேர்தான் போட முடியும். வெளியே நாம் கோடிப் பேர் இருக்கிறோம். பஸ் ஸ்டாண்டை ஒத்திவைக்க முடியாது. டீக்கடையை ஒத்திவைக்க முடியாது.

உடை மாற்றிவிட்டு வா என்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாம், ஒன்றும் இல்லை. நெஞ்சில் இருப்பது சட்டையோடு கழன்று வராது.

தமிழ்நாடு போராடும்! தமிழ்நாடு வெல்லும்!

#நியாயமான_தொகுதி_மறுவரையறை
#தமிழ்நாடு_போராடும்
#தமிழ்நாடு_வெல்லும்